மூன்றரை லட்ச ரூபாயில் கேமிங் பிசி: இந்தக் கொட்டேஷனில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் சேர்த்த பணத்தில் கேமிங் பிசி ஒன்று போடப் போகிறேன். பட்ஜெட் மூன்றரை லட்சம். இருப்பது மதுரையில், மொட்டை மாடி அறை. கடையில் கொடுத்த கொட்டேஷன்: இன்டெல் ஐ9-14900கே, ஆர்டிஎக்ஸ் 5080, டிடிஆர்5 ரேம் 64 ஜிபி (16 ஜிபி நான்கு), ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை) எஸ்எஸ்டி, 360 லிக்விட் கூலர், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த கேபினெட், 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). மானிட்டர் என்னிடம் பழையது இருக்கிறது: 24 அங்குலம், ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ். அதுவே போதும் என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்:

அப்படியே வாங்காதீர்கள். கொட்டேஷனில் உள்ள பொருட்களில் பாதி நல்ல பொருட்கள்தான். ஆனால் பணம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. மூன்று வருடம் சேர்த்த பணம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிசி போடுகிற எல்லோரும் பிராசஸரில் தொடங்குகிறார்கள். நான் யாருக்குச் சொன்னாலும் இரண்டு முனைகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒன்று, உங்கள் கண்ணுக்கு எதிரே இருக்கும் மானிட்டர். இன்னொன்று, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட். நடுவில் வருகிற பெட்டியை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. உங்கள் கொட்டேஷனில் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

முதலில் மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு அறுபது முறைதான் படத்தை மாற்றும். 5080 கார்டு நொடிக்கு இருநூறு ஃபிரேம் வரைந்து கொடுத்தாலும் நீங்கள் முழுதாகப் பார்ப்பது அறுபதுதான். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 16.7 மில்லி செகண்ட். 240 ஹெர்ட்ஸில் அது 4.2 மில்லி செகண்டாகக் குறைகிறது. மவுஸைத் திருப்பினால் காட்சி கையோடு ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். ஒரு முறை பழகிய கைக்கு 60 ஹெர்ட்ஸ் சேற்றில் நடப்பது போலத்தான் தெரியும்.

அடுத்து ரெசல்யூஷன். ஃபுல் எச்டியில் 20.7 லட்சம் பிக்ஸல். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 83 லட்சம். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கும் வேலை ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. ஃபுல் எச்டிக்கு 5080 போடுவது, தெருமுனை மளிகைக் கடைக்குப் போக லாரி எடுப்பது மாதிரி. கார்டு பாதி நேரம் சும்மா இருக்கும்.

என் தேர்வு: 27 அங்குலம், 1440பி, 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி. கறுப்பு நிஜமான கறுப்பாகத் தெரியும், இருட்டுக் காட்சிகள் இருக்கும் கேம்களில் அதன் அருமை புரியும். ஒரு எச்சரிக்கை: நாள் முழுக்க எக்செல், கோடிங் என்று அதே திரையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அசையாமல் நிற்கும் டாஸ்க்பார் போன்றவை காலப்போக்கில் தடம் பதிக்கலாம். அப்படியானால் நல்ல ஐபிஎஸ் (எல்சிடி வகை) பேனல் எடுங்கள். ஓஎல்இடி எடுத்தால், தடம் பதிவதற்கும் சேர்த்து மூன்று வருட வாரண்டி தரும் மாடலாகப் பாருங்கள்; பல பிராண்டுகள் தருகின்றன.

மானிட்டர் முடிவானதும் கிராபிக்ஸ் கார்டு தானாக முடிவாகிறது. 1440பி என்றால் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ தாராளம். 5080-யும் 5070 டிஐ-யும் ஒரே சிப்பிலிருந்து வெட்டியவை. இரண்டிலும் 16 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரிதான். கூடா கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்) 5080-இல் 10,752, 5070 டிஐ-யில் 8,960. ஆனால் 2025 தொடக்கத்தில் என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலை 5080-க்கு 1,07,000, 5070 டிஐ-க்கு 80,000. கடை விலை இதற்கு மேலேதான் ஓடும், ஆனால் நடுவே உள்ள இடைவெளி உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த மிச்சப் பணம் மானிட்டருக்குப் போகட்டும். ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் முறை) உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யையும் விசாரியுங்கள். அதிலும் 16 ஜிபி உண்டு. 4கே-தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மட்டும் 5080. 5090 பேச்சே வேண்டாம். அந்தக் கார்டு ஒன்றே 575 வாட் இழுக்கும், உங்கள் பட்ஜெட்டில் முக்கால்வாசியை அதுவே விழுங்கிவிடும்.

இப்போது பிராசஸர். 14900கே ஒரு காலத்தில் உச்சியில் இருந்த பொருள்தான். ஆனால் மூன்று காரணங்களுக்காக வேண்டாம். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளில் வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறி, சிப்பே நாளடைவில் தேய்ந்து, கேம்கள் கிராஷ் ஆகிற பிரச்சினை 2024-இல் பெரிதாக வெடித்தது. ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (சிப்பை இயக்கும் உள் மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் போட்ட போர்டில் புதுச் சிப் ஒழுங்காக ஓடும், சரி. ஆனாலும் அந்தச் சிப் உட்காரும் மதர்போர்டு சாக்கெட்டுக்கு இனி அடுத்த தலைமுறை கிடையாது. நாளைக்கு மாற்ற நினைத்தால் மதர்போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மூன்றாவது, முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்க அனுமதி உள்ள சிப் அது. மதுரை மொட்டை மாடி அறைக்கு அது ஆகாது.

கேமிங் மட்டும்தான் குறி என்றால் ரைசன் 7 9800எக்ஸ்3டி. எட்டு கோர்தானே என்று யோசிக்காதீர்கள். அதன் பலம் 96 எம்பி எல்3 கேஷில் இருக்கிறது. சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். கடுகு, சீரகம், மிளகு எல்லாம் அஞ்சறைப் பெட்டியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் கை நீட்டினால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டும். ரேம்தான் அந்த ஸ்டோர் ரூம், கேஷ்தான் அஞ்சறைப் பெட்டி. கேம்கள் சின்னச் சின்னத் தகவலைத் திரும்பத் திரும்பக் கேட்பவை. அதனால் பெரிய அஞ்சறைப் பெட்டி வைத்த பிராசஸர், அதிகக் கோர் வைத்ததைவிட முந்திப் போகிறது. முந்தைய 7800எக்ஸ்3டி-யில் இந்தக் கேஷ் அடுக்கு கோர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தது, சூடு அதைத் தாண்டித்தான் கூலருக்குப் போக வேண்டும். 9800-இல் அதைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். கோர் நேரடியாகக் குளிர்கிறது, 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது.

7800எக்ஸ்3டி நல்ல விலைக்குக் கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் என்று வருமானம் தரும் வேலை இருந்தால் மட்டும் பதினாறு கோர் 9950எக்ஸ்3டி.

மதர்போர்டில் பணத்தைக் கொட்டாதீர்கள். பி850 சிப்செட்டில், வைஃபை உள்ள, பவர் பகுதியில் கனமான ஹீட்சிங்க் வைத்த நடுத்தர போர்டு போதும். பின்பக்கம் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிராசஸரே போடாமல் பென்டிரைவ் வைத்து பயாஸ் ஏற்ற அது உதவும். பழைய ஸ்டாக்கில் இருந்த போர்டு புதுச் சிப்பை அடையாளம் காணாமல் நின்றால், அந்தப் பட்டன்தான் உங்களைக் கடைக்கு மறுபடி நடக்காமல் காப்பாற்றும். இந்த ரைசன் சிப்புகள் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ஐத் தாண்டியும் புதுச் சிப்புகள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது.

ரேம் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் பார்க்க அழகுதான். ஆனால் டிடிஆர்5-இல் நான்கு ஸ்டிக் போட்டால் மெமரி கன்ட்ரோலர் திணறும். ஏஎம்5-இல் இரண்டு ஸ்டிக்குக்கு 5600 வரை உத்தரவாதம் தரும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600-க்குத்தான் தருகிறது. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்வானேன்? 16 ஜிபி இரண்டு, 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி அமைப்பு) என்று பெட்டியில் போட்டிருக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிக் கிடக்கிறது. கேமுக்கு 32 ஜிபி போதும் என்பதால் அந்த அடி உங்கள் மேல் பாதிதான் விழும். எஸ்எஸ்டியும் அப்படியே: ஜென் 5 நொடிக்கு 14,000 எம்பி என்று அட்டையில் போட்டிருப்பார்கள், ஜென் 4 ஏழாயிரம். கேம் லோடு ஆகும் நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே கஷ்டம், சூடு மட்டும் கூடுதல். ஜென் 4-இல் 2 டிபி வாங்குங்கள். பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிற காலம் இது, இடம்தான் முக்கியம்.

இனி இன்னொரு முனைக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை தந்த இடத்துக்கு. உங்கள் கொட்டேஷனில் பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் மாடல் பெயர் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெறும் ‘1000 வாட்’. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸை ஒன்றரை லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள பொருட்களோடு இணைக்கவே கூடாது. என் சித்தி மகன் பிசியில் நடந்ததைச் சொல்கிறேன். கேம் உச்சக்கட்டத்துக்கு வரும்போது பட்டென்று அணைந்துவிடும். மற்ற நேரம் ஒன்றும் ஆகாது. கார்டை மாற்றிப் பார்த்தார்கள், ரேமை மாற்றிப் பார்த்தார்கள், விண்டோஸை மூன்று முறை போட்டார்கள். ஆறு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினோம், அன்றைக்கே சரியாகிவிட்டது. லேபிளில் 850 வாட் என்று போட்டிருந்தது, கையில் தூக்கினால் காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது.

நடந்தது இதுதான். 300 வாட் கார்டு எப்போதும் 300 வாட் இழுப்பதில்லை. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு அதைப்போல இரண்டு மடங்குவரை சட்டென்று கேட்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கும், மட்டமானது பயந்து அணைந்துவிடும். இதற்காகத்தான் ஏடிஎக்ஸ் 3.0 என்ற தரம் வந்தது. 100 மைக்ரோ செகண்டுக்கு இரு மடங்கு லோடைத் தாங்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. இப்போது வாங்குவது ஏடிஎக்ஸ் 3.1 ஆக இருக்கட்டும். 850 வாட், 80 பிளஸ் கோல்டு, பத்து வருட வாரண்டி. கோல்டு என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்றுதான், பாதுகாப்புக்கான சான்று இல்லை. அதனால் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, பிரித்துப் பார்த்துச் சோதித்த விமர்சனம் ஒன்றையாவது படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய) எஸ்எம்பிஎஸ் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் எடுத்துச் சொருகாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், சொருகினால் உள்ளே போகும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து டிஸ்க் புகைந்து போனதை நேரில் பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பின்னால் சுவர். பிசி கேபினெட்டின் இரும்பில் புறங்கை பட்டால் சுர்ரென்று எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது பிசியின் கோளாறு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட், கேபினெட் மேலேயே மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளை அடிக்காது. ஆனால் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும் நொடியில் அது கார்டு வழியாகப் பாயலாம்.

பல வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களிலும் இதே கதைதான். பிசி வருவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்க வேண்டும். மொத்தப் பட்ஜெட்டிலேயே மிகக் குறைந்த செலவு இதுதான், தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் யுபிஎஸ். நான் சொன்ன பிசி கேம் ஓடும்போது கார்டுக்கு 300, பிராசஸருக்கு 80 முதல் 100, ஃபேன், போர்டு, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 50, மானிட்டருக்கு ஒரு 50. மொத்தம் 500 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் 1 கேவிஏ யுபிஎஸ் பெரும்பாலும் 600 வாட்தான் தரும், அந்த நொடிநேர எகிறலில் மூச்சு வாங்கும். 1.5 கேவிஏ, பியூர் சைன்வேவ் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தருவது) எடுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற பகுதி உண்டு. சதுர அலை தரும் மலிவான யுபிஎஸ்ஸோடு அது ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியே பிசியும் அணைந்துவிடலாம்.

சூட்டுக்கு வருவோம். கூலர் விமர்சனங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தவை. கத்திரி வெயிலில் உங்கள் மாடி அறை 40-ஐத் தொடும். கூலரால் அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது, அதனால் விமர்சனத்தில் 65 என்று படித்தால் உங்களுக்கு 80 என்று எடுத்துக்கொள்ளுங்கள். லிக்விட் கூலரும் இதே காற்றைத்தான் நம்பியிருக்கிறது. 9800எக்ஸ்3டி-க்கு இரட்டை டவர் ஏர் கூலரே போதும். அதில் பழுதாக ஃபேனைத் தவிர ஒன்றும் இல்லை, பம்ப் கிடையாது. உயரம் 160 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், கேபினெட்டுக்குள் அடங்குமா என்று முன்பே பாருங்கள். 360 கூலர்தான் ஆசை என்றால் ரேடியேட்டரை மேலே மாட்டச் சொல்லுங்கள். உள்ளே சேரும் காற்றுக் குமிழிகள் உயரமான இடத்துக்குத்தான் போகும், அந்த இடம் பம்பாக இருக்கக்கூடாது.

கண்ணாடி கேபினெட்டை விட்டுவிட்டு, முன்பக்கம் முழுக்க வலை வைத்ததை எடுங்கள். உள்ளே இழுக்கும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், தூசி ஃபில்டர் வழியாக மட்டுமே வரும், இடுக்குகளில் புகாது. ஃபில்டரை மாதம் ஒரு முறை கழுவி, காய வைத்து மாட்டுங்கள். ஏசி போடும் எண்ணம் இருந்தால் கணக்கில் இதையும் சேருங்கள்: ஒரு டன் ஏசி நீக்கும் சூடு 3,500 வாட், உங்கள் பிசி அறைக்குள் விடுவது 500 வாட். ஏசி திறனில் ஏழில் ஒரு பங்கு பிசிக்கே போய்விடும்.

வாங்கும்போது பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும் மதுரைக் கடை ஆனாலும் இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். துபாயிலிருந்து மாமா வரும்போது கார்டு வாங்கி வரட்டும் என்ற யோசனை வந்தால், அந்த பிராண்டின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று முதலில் பாருங்கள். பல பிராண்டுகளில் செல்லாது.

அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் இருங்கள். இரண்டு இடங்களில் கண்ணை எடுக்காதீர்கள். முதலாவது பிராசஸர் சாக்கெட். ஏஎம்5-இல் மெல்லிய பின்கள் போர்டில் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. லீவரை மூடும்போது மேலே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைத் தூக்கி எறிய விடாதீர்கள், வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

இரண்டாவது கிராபிக்ஸ் கார்டின் 16 பின் பவர் கனெக்டர். 2022-இல் 4090 கார்டுகளில் உருகிப் போய்ப் பேச்சானது இந்தக் குடும்பத்து கனெக்டர்தான், அதற்குப் பிறகு அதைத் திருத்தியிருக்கிறார்கள். கட்டை விரலால் கடைசிவரை அழுத்தி, லேசாக இழுத்துப் பார்த்து, செல்போன் டார்ச் அடித்து நடுவில் இடுக்கு தெரிகிறதா என்று பாருங்கள். இடுக்கு தெரிந்தால் முழுதாக உட்காரவில்லை. கனெக்டரிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர்வரை கேபிள் நேராக வர வேண்டும். கண்ணாடிக்கு இடம் விடுவதற்காக அங்கேயே மடக்கக்கூடாது.

முதல் முறை ஆன் செய்ததும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமைப் போர்டு பழக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சில நிமிடங்கள் ஆகும், சில சமயம் பத்து நிமிடம்கூட. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 6000 ரேம் 4800-இலேயே ஓடும். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் 240 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், புது மானிட்டரும் பல நேரம் 60-இலேயே நிற்கும். அன்றிரவு மெமரி டெஸ்ட் ஒன்றை விடியும்வரை ஓட விடுங்கள். ஒரு பிழை வந்தாலும், மறுநாள் காலையிலேயே ரேமை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.